வர்ஜீனியா: நிலத்தையும் ஆளையும் கேட்ட செடி

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்கள் குடியேறிய ஜேம்ஸ்டவுன் முதல் மூன்று வருடத்தில் பட்டினியால் அழியப் பார்த்த இடம், அப்புறம் எப்படி இங்கிலாந்துக்குக் காசு கொட்டுகிற காலனியாக ஆனது, அவ்வளவு வளர்ந்த பிறகும் அங்கே ஏன் ஓயாமல் சண்டை நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் உள்ள ‘பிறகும்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்பேன். வளர்ந்ததால்தான் சண்டை. அந்த வளர்ச்சி புகையிலையால் வந்தது. புகையிலைக்கு ஓயாமல் புது நிலம் வேண்டும், ஓயாமல் ஆள் வேண்டும். நிலம் பூர்வகுடிகளிடம் இருந்தது, ஆளைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த நூறு வருடச் சண்டைகளில் எதை எடுத்துப் பார்த்தாலும் அடியில் இந்த இரண்டில் ஒன்று கிடக்கும்.

முதலில் பட்டினிக் காலம். 1607 மே மாதம் லண்டன் வர்ஜீனியா கம்பெனி அனுப்பிய மூன்று கப்பல்களில் நூற்றுச் சொச்சம் ஆண்களும் பையன்களும் வந்து இறங்கினார்கள். தங்கம் கிடைக்கும், பசிபிக் பக்கம் போக வழி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பங்குதாரர்கள் போட்ட பணம் அது. இறங்கிய இடம் சதுப்பு நிலம், குடிக்கக் கிடைத்தது உப்பேறிய ஆற்றுத் தண்ணீர். சாப்பாட்டுக்கு அந்த மண்ணின் சொந்தக்காரர்களை நம்பித்தான் இருந்தார்கள். அந்த நாட்டுக்குப் பெயர் செனகொமாகா. முப்பதுக்குக் கிட்டத்தட்ட குடிகளை ஒன்றாகக் கட்டி ஆண்ட தலைவர் வாஹன்செனகாவ், ஆங்கிலேயர்கள் பௌஹாட்டன் என்று அழைத்தது இவரைத்தான். மக்காச்சோளம் கொடுத்தார், செம்பும் கோடரியும் வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் கொடுத்ததை வாங்கியது போதாமல் மிரட்டிப் பிடுங்க ஆரம்பித்ததும், 1609 குளிர்காலத்தில் கோட்டையை வெளியே யாரும் வர முடியாதபடி மடக்கினார். உள்ளே முந்நூறு பேர் அளவில் இருந்தார்கள், வசந்தத்தில் உயிரோடு மிஞ்சியவர்கள் அறுபது பேர்தான். 2012-ல் கோட்டைக்குள் தோண்டியபோது பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் மண்டை ஓடு கிடைத்தது, அதில் கத்தி வெட்டுகள் இருந்தன. பிணத்தைத் தின்றார்கள் என்று பழைய குறிப்புகள் சொன்னது உண்மைதான் என்று அடுத்த வருடம் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இந்த நேரத்தில் வந்தவர்தான் ஜான் ரால்ஃப். 1609-ல் கிளம்பிய அவருடைய கப்பல் புயலில் பெர்முடாவில் தரைதட்டி உடைந்தது, கப்பலில் இருந்தவர்கள் பத்து மாதம் அங்கே கிடந்து, புதிதாகக் கட்டிய இரண்டு சிறு கப்பல்களில் 1610 மே மாதம்தான் ஜேம்ஸ்டவுன் வந்து சேர்ந்தார்கள். வர்ஜீனியாவிலும் உள்ளூர்ப் புகையிலை உண்டு, ஆனால் அது காரம், நாக்கைக் கடிக்கும், லண்டனில் விலை போகாது. அங்கே மவுசு ஸ்பானியர்கள் கரீபியனிலிருந்து கொண்டுவந்த இனிப்பான இலைக்குத்தான். அரசர் முதலாம் ஜேம்ஸ் 1604-லேயே புகையிலையைத் திட்டி ஒரு சிறு நூல் எழுதி வரியும் போட்டார், ஊர் கேட்கவில்லை. அந்த ஸ்பானிய வகையின் விதை ரால்ஃபுக்கு எப்படியோ கிடைத்தது. 1612 வாக்கில் நட்டுப் பார்த்தார், ஆற்றங்கரை மண்ணில் நன்றாக வந்தது. 1617-ல் 20,000 பவுண்டு எடை இலை லண்டன் போனது. 1629-ல் அது 15 லட்சம் பவுண்டு.

பன்னிரண்டு வருடத்தில் இருபதாயிரத்திலிருந்து பதினைந்து லட்சம். இந்தப் பாய்ச்சலை நேரில் பார்த்தவர்களுக்கே பயமாக இருந்திருக்கிறது. சோளம் போடாமல் எல்லாரும் இலையையே போடுகிறார்கள் என்று, ஒவ்வொருவரும் இரண்டு ஏக்கர் சோளம் விதைத்த பிறகுதான் புகையிலை நடலாம் என ஆளுநர் டேல் உத்தரவு போட்டார். அவர் ஊருக்குப் போன பிறகு 1617-ல் வந்த புதிய ஆளுநர் பார்த்தது என்ன தெரியுமா? கோட்டைக்குள் வீடுகள் இடிந்து கிடந்தன, சர்ச் சரிந்திருந்தது, சந்தைத் திடலிலும் தெருவிலும் புகையிலை நட்டு வைத்திருந்தார்கள். பட்டினியில் ஊரே செத்து ஏழு வருடம்தான் ஆகிறது, அப்படியும் தெருவில் புகையிலை. அந்த இலையே பணமும் ஆனது. பாதிரிக்குச் சம்பளம் புகையிலை, அபராதம் புகையிலை, கடன் புகையிலை. 1621-ல் கம்பெனி திருமணத்துக்கென்று இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பெண்களைக் கட்டிக்கொள்கிறவன், வழிச் செலவுக்காக 150 பவுண்டு நல்ல இலை கட்ட வேண்டும்.

இப்போது செடிக்கு வருகிறேன். இது புரியாமல் மற்றது எதுவும் புரியாது, பாடப் புத்தகங்கள் தாண்டிப் போகிற இடமும் இதுதான்.

குளிர் முடியும்போது நாற்றங்காலில் விதை தூவுவார்கள். கடுகை விட எவ்வளவோ சிறிய விதை, சாம்பலோ மணலோ கலந்துதான் தூவ முடியும். மே மாதம் ஒரு நல்ல மழை பெய்ததும், ஈரம் காய்வதற்குள் நாற்றைப் பிடுங்கி, மண்வெட்டியால் கூட்டி வைத்த மண் குவியல் ஒவ்வொன்றிலும் ஒன்று நட வேண்டும். ஏர் கிடையாது, காட்டில் மரங்களின் பட்டையை வளையமாக உரித்துப் பட்டுப்போக விட்டு, நிற்கிற மொட்டை மரங்களுக்கும் கட்டைகளுக்கும் நடுவே நட்டார்கள், அதில் ஏர் ஓடாது. அப்புறம் களை. அப்புறம் இலையைத் தின்னும் பெரிய பச்சைப் புழு, அதைக் கையால் பொறுக்கிக் காலால் நசுக்க வேண்டும், தினமும். பூ விடாமல் நுனிக் கொழுந்தைக் கிள்ள வேண்டும், கிள்ளினால் இலைக் கக்கத்தில் பக்கக் கிளை முளைக்கும், அதையும் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். (வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை போட்டவர்களுக்கு இந்த வேலைகளைச் சொல்லித்தர வேண்டாம், செடி அதே இனம்தான்.) ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டிக் கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட வேண்டும். காய்ந்த இலையைக் காற்றில் ஈரம் இருக்கும் நாளில்தான் இறக்கலாம், இல்லாவிட்டால் பொடிப்பொடியாகிவிடும். பிறகு நரம்பு நீக்கி, பெரிய மரப் பீப்பாயில் அமுக்கி அடைக்க வேண்டும். இதெல்லாம் முடியும்போது அடுத்த நாற்றங்கால் வேலை வந்துவிடும். ஒரு ஆள் பாடுபட்டால் இரண்டு மூன்று ஏக்கர், அதற்கு மேல் முடியாது. ஆகவே பணம் பெருக வேண்டும் என்றால் ஆள் பெருக வேண்டும்.

மண்ணின் கணக்கு இன்னும் மோசம். மூன்று நான்கு போகத்தில் நிலம் சலித்துவிடும். எரு போட்டால் இலையின் சுவை கெடும் என்று போடவும் மாட்டார்கள். ஓய்ந்த நிலத்தில் கொஞ்ச வருடம் சோளம் போட்டு, அப்புறம் இருபது வருடம் காடாக விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். ஐந்து ஏக்கரில் பயிர் செய்கிறவன் கையில் ஐம்பது ஏக்கர் வைத்துக்கொள்ளத் துடித்தது இதனால்தான். அதுவும் எங்கோ காட்டு நடுவில் வேண்டாம், ஆற்றங்கரையில் வேண்டும், பீப்பாயை உருட்டி நேராகக் கப்பலில் ஏற்ற. ஆற்றங்கரையில் ஏற்கெனவே யார் இருந்தார்கள்? பௌஹாட்டன் குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வைத்த சோளக்கொல்லைகள் எல்லாம் அங்கேதான். அந்தத் திருத்திய நிலத்தைத்தான் ஆங்கிலேயர்கள் முதலில் கேட்டார்கள், கேட்டுக் கிடைக்காத இடத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணிப் பார்த்தால், நடுவில் ஒரு சமாதானம் இருந்தது. 1613-ல் வாஹன்செனகாவின் மகள் பொக்கஹாண்டஸைப் பிடித்து வந்து பிணை வைத்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் அவள் ரால்ஃபை மணந்தாள், சண்டை நின்றது. காதல் கதையாகவே இதைச் சொல்லிச் சொல்லி, அவள் கடத்தப்பட்டவள் என்பதை உலகம் மறந்துவிட்டது எனக்கு வருத்தம்தான். 1616-ல் கம்பெனி அவளை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் ஊர் ஊராகக் காட்டியது, ஊர் திரும்பக் கப்பல் ஏறியவள் 1617 மார்ச்சில் இங்கிலாந்தின் கிரேவ்செண்டிலேயே இறந்தாள், வயது இருபத்தொன்று இருக்கும். மறு வருடம் தந்தையும் போய்விட்டார். அந்தச் சமாதான வருடங்களில்தான் புகையிலை ஆற்றோரமாகப் பரவியது. 1618-ல் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு ஆளின் கப்பல் செலவை யார் கொடுக்கிறாரோ அவருக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர். ஆளும் நிலமும் ஒரே முடிச்சில் விழுந்தன. பத்துக் கூலியாட்களைக் கொண்டுவந்தவனுக்கு உழைக்கப் பத்துப் பேர், உழைக்கவைக்க ஐந்நூறு ஏக்கர்.

வாஹன்செனகாவுக்குப் பின் அதிகாரம் அவருடைய தம்பி முறையான ஓப்பெச்சன்கனோ கைக்கு வந்தது. அவர் நடப்பதைக் கணித்திருந்தார். 1622 மார்ச் 22, வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல அவருடைய ஆட்கள் மான் இறைச்சி, வான்கோழி, மீன் என்று விற்க எடுத்துக்கொண்டு குடியேறிகளின் வீடுகளுக்கு வந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. சில வீடுகளில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு அந்த வீட்டிலேயே இருந்த கோடரியையும் மண்வெட்டியையும் கத்தியையும் எடுத்து அடித்தார்கள். ஒரே காலையில் 347 பேர் செத்தார்கள், அன்றைய குடியேறிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். ஆற்றுக்கு அக்கரையில் ரிச்சர்ட் பேஸ் என்பவர் வீட்டில் இருந்த பூர்வகுடிப் பையன் முன்னாலேயே சொல்லிவிட, அவர் படகு துடுப்பிட்டு வந்து எச்சரித்ததால் ஜேம்ஸ்டவுன் தப்பியது.

செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு, அதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு கம்பெனி தரப்பில் லண்டனில் அச்சிட்ட அறிக்கையைப் படித்தால் வேறொன்று தெரியும். இதுவரை பண்போடு நடந்துகொண்டதால் நம் கைகள் கட்டப்பட்டிருந்தன, இனி போர் உரிமைப்படி அவர்கள் கிராமங்களில் திருத்தி வைத்த வளமான நிலங்களில் நாமே குடியேறலாம் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. துக்கத்தோடு துக்கமாக நிலக்கணக்கும் போட்டிருக்கிறார்கள். அடுத்த பத்து வருடம் சோளம் விளையும் நேரம் பார்த்துக் கொல்லைகளை எரிப்பதுதான் ஆங்கிலேயர்களின் போர்முறை. 1623 மே மாதம் சமாதானம் பேச அழைத்து, நஞ்சு கலந்த மதுவைக் குடிக்கக் கொடுத்து இருநூறு பேர் அளவில் கொன்றார்கள்.

கம்பெனியும் பிழைக்கவில்லை. 1607-லிருந்து 1624 வரை வர்ஜீனியாவுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியிருந்தார்கள், 1625-ல் தலை எண்ணியபோது இருந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். நோயும் பசியும் எடுத்தது அம்புகள் எடுத்ததைவிடப் பல மடங்கு. 1624-ல் அரசர் கம்பெனியின் சாசனத்தை ரத்து செய்து காலனியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். ஏற்றுமதி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு இடம் வளர்கிறதா என்று பீப்பாயை எண்ணிப் பார்ப்பதா, ஆளை எண்ணிப் பார்ப்பதா என்று எனக்கு இந்த வருடங்களைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

அந்த ஆட்கள் யார்? பெரும்பாலும் இங்கிலாந்தின் ஏழைப் பையன்கள். கப்பல் கூலிக்குப் பதிலாக நான்கிலிருந்து ஏழு வருடம் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள். 1623-ல் ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற பையன் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை, வீட்டில் ஒரு நாளில் தின்ற அளவுகூட இங்கே ஒரு வாரத்துக்குக் கிடைப்பதில்லை, எப்படியாவது பணம் கட்டி என்னை மீட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான்.

1619 ஆகஸ்ட் கடைசியில் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் துறைக்கு வொயிட் லயன் என்ற கப்பல் வந்தது. போர்த்துகீசிய அடிமைக் கப்பல் ஒன்றைக் கடலில் மறித்துப் பறித்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இறக்கி, பதிலுக்கு உணவுப் பொருள் வாங்கிக்கொண்டு போனது. அவர்கள் அங்கோலாப் பகுதியிலிருந்து பிடிக்கப்பட்டவர்கள். அதே வருடம், சில வாரங்களுக்கு முன், அதே காலனியில்தான் அமெரிக்காவின் முதல் ஆங்கிலப் பிரதிநிதி சபை கூடியிருந்தது, அது முடிவு செய்தவற்றில் புகையிலை விலையும் ஒன்று, முதல் தரம் பவுண்டுக்கு மூன்று ஷில்லிங். 1635-ம் ஆண்டு நிலப் பத்திரம் ஒன்றில் தலைக்கு ஐம்பது ஏக்கர் கணக்கில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு வரியும் வருகிறது. எந்த ஊர்க்காரர், எந்த மொழிக்காரர் என்று அந்த வரியில் இல்லை. நம் பக்கத்து மனிதர் ஒருவர் ஐம்பது ஏக்கராக எழுதப்பட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது.

ஆரம்பத்தில் ஆப்பிரிக்கர்கள் நிலை ஒரே மாதிரி இருக்கவில்லை. அந்தோணி ஜான்சன் 1621-ல் வந்து, விடுதலை பெற்று, 1651-ல் 250 ஏக்கருக்குச் சொந்தக்காரராக இருந்தார். ஆனால் கதவு மூடிக்கொண்டே வந்தது. 1640-ல் மூன்று வேலையாட்கள் ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பர். முதல் இருவருக்கும் கூடுதலாகச் சில வருட வேலை, பஞ்சுக்கு ஆயுள் முழுக்க அடிமை வேலை. குற்றம் ஒன்று, தண்டனை இரண்டு. 1662-ல் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் வந்தது. 1667-ல் ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்றார்கள்.

ஓப்பெச்சன்கனோ 1644-ல் இன்னொரு முறை எழுந்தார், நானூறுக்கு மேல் குடியேறிகள் செத்தார்கள், ஆனால் அதற்குள் காலனி ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது, அசையவில்லை. 1646-ல் அவரைப் பிடித்து ஜேம்ஸ்டவுனில் அடைத்தார்கள். நடக்கவே முடியாத, இமையைப் பிறர் தூக்கிவிட வேண்டிய முதுகிழவர். காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் முதுகில் சுட்டான்.

அப்புறம் விலை விழுந்தது. மூன்று ஷில்லிங் விற்ற இலை 1660-களில் ஒரு பென்னி பக்கம் வந்துவிட்டது, முப்பத்தாறில் ஒரு பங்கு. இங்கிலாந்துக்குத்தான் விற்க வேண்டும் என்ற கடல் வணிகச் சட்டம் வேறு. பெரிய தோட்டக்காரர்கள் தாக்குப்பிடித்தார்கள், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த ஏழைகளுக்கு ஆற்றங்கரையில் நிலம் இல்லை, எல்லைக்காட்டுக்குப் போனார்கள், அங்கே பூர்வகுடிகளோடு உரசல். 1675-ல் தொடக்கம் பன்றி திருட்டு பற்றிய தகராறுதான், அது கொலையாகி, பழிவாங்கலாகி, எல்லை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஆளுநர் பெர்க்லி கோட்டை கட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நத்தானியேல் பேக்கன் என்ற இளம் பணக்காரர், பூர்வகுடிகள் யாராக இருந்தாலும் அடிப்போம் என்று ஆளுநரை மீறி ஆள் திரட்டினார்.

இந்தக் கலகத்தில் எனக்கு மறக்காத காட்சி போர்க்களம் அல்ல. 1676 ஜூன், ஜேம்ஸ்டவுன் சபை. பூர்வகுடிகளான பமன்கி மக்களின் தலைவி காக்ககோஸ்கி உள்ளே வருகிறார். தலையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிப்பி மணி கோர்த்த பட்டை, தோளிலிருந்து கால் வரை மான்தோல் போர்வை, அதன் ஓரமெல்லாம் குஞ்சம். ஒரு பக்கம் மொழிபெயர்ப்பாளர், மறுபக்கம் இருபது வயது மகன். ஆங்கிலேயர்களுக்கு உதவியாக எத்தனை வீரர்கள் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். அவர் உரத்த குரலில், அழுகிறார்போல, திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறார்: டோட்டோபோட்டமோய் செத்துவிட்டார். அவருடைய கணவர். இருபது வருடம் முன்பு ஆங்கிலேயர்கள் பக்கம் நின்று போரிட்டு நூறு வீரர்களோடு மடிந்தவர், அதற்கு ஒரு ஈடும் வந்ததில்லை. சபைத் தலைவர் அதற்கு ஒரு ஆறுதல் சொல்லவில்லை, எத்தனை பேர் என்று மறுபடி கேட்டார். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வருடமே பேக்கன் படை நட்பாக இருந்த அந்தப் பமன்கி மக்களைத்தான் சதுப்புக்காட்டுக்குள் துரத்தித் தாக்கியது. செப்டம்பர் 19-ல் ஜேம்ஸ்டவுனை எரித்தார்கள். அக்டோபரில் பேக்கன் வயிற்றுப்போக்கில் இறந்ததும் கலகம் தளர்ந்தது. கடைசி வரை ஆயுதத்தைக் கீழே போடாமல் நின்றவர்கள் எண்பது கறுப்பர்களும் இருபது ஆங்கிலேயர்களும், அடிமைகளும் கூலியாட்களும் ஒரே அணியாக. பெர்க்லி இருபத்து மூன்று பேரைத் தூக்கில் போட்டார்.

அந்தக் கடைசி நூறு பேரைப் பார்த்துத்தான் தோட்டக்காரர்கள் அடிமை முறைக்கு மாறினார்கள் என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் கூலி உயர்ந்து பையன்கள் வருவது குறைந்ததும், 1698-ல் அடிமை வணிகத்தின் ஏகபோகம் உடைந்து கப்பல்கள் பெருகியதும் அதே அளவு காரணம். 1670 வாக்கில் பெர்க்லி கொடுத்த கணக்கில் 40,000 பேரில் 2,000 பேர்தான் கறுப்பு அடிமைகள், வெள்ளைக் கூலியாட்கள் 6,000. முப்பது வருடத்தில் அந்தக் கணக்கு தலைகீழானது. ஆனால் இரண்டு பக்கத்து ஏழைகளும் மறுபடி ஒன்றுசேராமல் பார்த்துக்கொண்டது சட்டத்தில் பச்சையாகத் தெரிகிறது. 1680-ல் கறுப்பர்கள் ஆயுதம் தூக்கத் தடை, 1691-ல் கலப்புத் திருமணத்துக்குத் தடை, 1705-ல் எல்லாவற்றையும் தொகுத்த சட்டத்தில் ஒப்பந்தம் முடிந்த வெள்ளையனுக்குச் சோளமும் பணமும் துப்பாக்கியும் கொடுத்து அனுப்பு, அடிமையை நிலத்தைப் போல அசையாச் சொத்தாக எழுது என்று இருக்கிறது.

பூர்வகுடிகள் என்ன ஆனார்கள் என்றால், 1677-ல் காக்ககோஸ்கி ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார், தங்களுக்கு ஒதுக்கிய நிலத்தை அவருடைய மக்கள் விடாமல் வைத்துக்கொண்டார்கள். பமன்கி ஆற்று வளைவில் அது இன்றும் அவர்களிடம் இருக்கிறது, சுற்றுமுற்றும் இருந்த மற்றதெல்லாம் போய்விட்டது. அமெரிக்க மத்திய அரசு அவர்களைத் தனிக் குடியாக அங்கீகரிக்க முடிவெடுத்தது 2015-ல்தான். பழைய உடன்படிக்கையின்படி ஒவ்வொரு வருடமும் நவம்பரில் பமன்கியரும் பக்கத்து மட்டப்பொனை மக்களும் ரிச்மண்டில் ஆளுநர் வீட்டு வாசலுக்கு ஒரு மானைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், வரிக்குப் பதிலாக.